கம்பியும் எலக்ட்ரானும்: விடையைச் சரிபார்க்க மூன்று கேள்விகள்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

 

இயற்பியல் வினாத்தாள் கைக்கு வந்ததும் பலருடைய கண் முதலில் தேடுவது கணக்கு எங்கே இருக்கிறது என்பதைத்தான். போடுவதற்காக அல்ல, விட்டுவிடுவதற்காக! "2 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி ஒன்றில்..." என்று ஆரம்பித்தாலே போதும், அடுத்த கேள்விக்கு ஓட்டம்தான். "எலக்ட்ரானின் நிறை 9.1×10⁻³¹ கிலோகிராம் எனில்..." என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தியரி என்றால் மனப்பாடம் செய்ததைப் பக்கம் பக்கமாக எழுதலாம்; கணக்கு தப்பானால் எல்லாம் போச்சு என்ற பயம்.

இந்தப் பயம் சின்ன விஷயம் அல்ல. எங்கள் வகுப்பில் முதலாண்டுத் தேர்வு முடிவு வந்த பிறகு இரண்டு பேர் கல்லூரிக்கு வரவில்லை. இருவருக்கும் இயற்பியலும் கணிதமும் அரியர். ஒருவன் பேக்கரியில் வேலைக்கு நிற்கிறான். இன்னொருவன் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். "நமக்கெல்லாம் இது வராதுடா" என்பதுதான் இரண்டு பேரும் சொன்ன வார்த்தை. வராமல் இல்லை. போட்ட கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

என் வீட்டிலும் நான்தான் முதன்முதலில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். ஒருநாள் நான் வீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "விடை சரியா தப்பான்னு வாத்தியார் சொல்ற வரைக்கும் உனக்குத் தெரியாதா?" தெரியாது என்றேன். "சுவரு நேரா நிக்குதான்னு நான் யாரையும் போய்க் கேக்கறதில்லையேப்பா. தூக்குக்குண்டு விட்டு நானே பாத்துக்கறேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. கணக்குக்கும் தூக்குக்குண்டு உண்டா? உண்டு, தோழர்களே! ஒன்றல்ல, மூன்று. விடை வந்ததும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் அவை.

1. அலகு: நான் கண்டுபிடித்தது எதுவோ அதற்குரிய அலகு விடையில் வருகிறதா?
2. அளவு: விடை நம்பும்படியான அளவில் இருக்கிறதா?
3. எல்லை: நான் பயன்படுத்திய ஃபார்முலா இந்த இடத்தில் செல்லுமா?

கண்ணுக்குத் தெரியும் கம்பியிலும் சரி, கண்ணுக்கே தெரியாத எலக்ட்ரானிலும் சரி, இந்த மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்யும். போட்டுப் பார்ப்போமா?

முதல் கணக்கு: எஃகுக் கம்பி

இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கே திரும்பும் குணம்தான் மீட்சிப் பண்பு. நீட்சி இழுவிசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியைச் சொன்னவர் ராபர்ட் ஹூக். அவர் 1676-இல் இதை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராகவே வெளியிட்டார். 1678-இல்தான் புதிரை அவிழ்த்தார். (நம் வினாத்தாள் அவ்வளவு மோசமில்லை!)

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: தகைவு என்பதுதான் இங்கே ஸ்ட்ரெஸ், திரிபு என்பதுதான் ஸ்ட்ரெய்ன். பெயர் மாறியதே தவிர பொருள் மாறவில்லை.

தகைவு = விசை ÷ குறுக்குப் பரப்பு
திரிபு = நீட்சி ÷ முதல் நீளம்
யங் குணகம் = தகைவு ÷ திரிபு

இப்போது கணக்கு: 2 மீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள எஃகுக் கம்பியின் நுனியில் 10 கிலோகிராம் நிறை தொங்குகிறது. யங் குணகம் 2×10¹¹ நியூட்டன்/மீட்டர்². நீட்சி எவ்வளவு?

விசை = 10 × 9.8 = 98 நியூட்டன்
ஆரம் = 0.5×10⁻³ மீட்டர்
பரப்பு = 3.14 × (0.5×10⁻³)² = 7.85×10⁻⁷ மீட்டர்²
தகைவு = 98 ÷ (7.85×10⁻⁷) = 1.25×10⁸ நியூட்டன்/மீட்டர்²
திரிபு = (1.25×10⁸) ÷ (2×10¹¹) = 6.25×10⁻⁴
நீட்சி = 6.25×10⁻⁴ × 2 = 1.25×10⁻³ மீட்டர் = 1.25 மில்லிமீட்டர்

விடை வந்தாச்சு. பேனாவை மூடாதீர்கள். மூன்று கேள்வி பாக்கி இருக்கிறது.

அலகு: திரிபு என்பது நீளத்தை நீளத்தால் வகுத்தது. அதற்கு அலகே கிடையாது. ஆகவே அதை மீட்டரால் பெருக்கினால் மீட்டர்தான் வர வேண்டும். வந்திருக்கிறது, சரி. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் பரப்புதான். 1 மில்லிமீட்டர் என்பது 10⁻³ மீட்டர். ஆனால் 1 சதுர மில்லிமீட்டர் என்பது 10⁻⁶ சதுர மீட்டர். அடுக்கையும் சேர்த்து இரண்டால் பெருக்க வேண்டும் என்பது மறந்துபோனால் விடை ஆயிரம் மடங்கு மாறிவிடும்.

அளவு: இதற்குக் கால்குலேட்டரே வேண்டாம். மில்லிமீட்டரிலேயே மனக்கணக்குப் போடுங்கள். விசை ஏறக்குறைய 100 நியூட்டன். பரப்பு ஏறக்குறைய 0.8 சதுர மில்லிமீட்டர். ஆக, சதுர மில்லிமீட்டருக்கு 125 நியூட்டன். எஃகின் யங் குணகம் அதே அலகில் 2,00,000. 125-ஐ அதனால் வகுத்தால் 1,600-இல் ஒரு பங்கு. கம்பியின் நீளம் 2,000 மில்லிமீட்டர். அதை 1,600-ஆல் வகுத்தால் 1.25. ஒரு நிமிடத்தில் அதே விடை! தேர்வில் உங்களுக்கு 1.25 மீட்டர் என்று வந்திருந்தால், 2 மீட்டர் எஃகுக் கம்பி ஒரு சின்ன மூட்டை எடைக்கு ரப்பர் மாதிரி இழுபடுமா என்று யோசித்தாலே தப்பு பிடிபட்டுவிடும்.

விட்டத்தை ஆரமாக நினைத்துப் போட்டவருக்கு என்ன வரும்? பரப்பு நான்கு மடங்காகும், நீட்சி கால்பங்காகி 0.31 மில்லிமீட்டர் என்று வரும். இதையும் மேற்படி மனக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வகத்தில் ஸ்க்ரூ கேஜை ஏன் அவ்வளவு கவனமாகப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்பதும் இங்கே புரியும். பரப்பில் விட்டம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. 1 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.01 மில்லிமீட்டர் பிசகினால் அது 1 சதவீதம். யங் குணகத்தில் அதுவே 2 சதவீதமாகிவிடும்.

எல்லை: இதுதான் முக்கியமான கேள்வி. ஹூக் விதி மீட்சி எல்லைக்குள் மட்டுமே செல்லும். நம் கம்பி சாதாரண மைல்ட் ஸ்டீல் என்று வைத்துக்கொள்வோம். அது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 250 நியூட்டனில் நெகிழ ஆரம்பித்துவிடும். நம் தகைவு 125. பாதிதான், பயமில்லை.

இப்போது 10 கிலோவை எடுத்துவிட்டு 25 கிலோவைத் தொங்கவிடுங்கள். ஃபார்முலா "நீட்சி 3.12 மில்லிமீட்டர்" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்லும். ஆனால் தகைவு 312 ஆகிவிட்டது! கம்பி எல்லையைத் தாண்டி இழுபட்டுக்கொண்டிருக்கும். எடையை எடுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. கம்பி இளகியது ஃபார்முலாவுக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரிய வேண்டும்.

கட்டடக் கம்பிக் கடையில் "எஃப்.இ. 500" என்று சொல்லி விற்கிறார்களே, அந்த 500 என்ன தெரியுமா? அந்தக் கம்பி நெகிழத் தொடங்கும் தகைவு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 500 நியூட்டன் என்பதுதான். நாம் பாடத்தில் படிக்கிற அதே தகைவுதான் கடைத்தெருவில் பெயராக நிற்கிறது.

கம்பிக்கும் எலக்ட்ரானுக்கும் என்ன உறவு?

இரண்டும் வேறு வேறு பாடம்தானே என்று தோன்றும். ஆனால் இழுத்த கம்பி ஏன் திரும்புகிறது என்று கேட்டுப் பாருங்கள். இரும்பில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம். (1 ஆங்ஸ்ட்ராம் என்பது 10⁻¹⁰ மீட்டர்.) நம் கம்பி 1.25 மில்லிமீட்டர் நீண்டபோது, ஒவ்வோர் இடைவெளியும் பத்தாயிரத்தில் ஆறு பங்கு அகலமானது. அந்த அணுக்களைப் பிணைத்து வைத்திருப்பவை எலக்ட்ரான்கள். விலக்கினால் இழுக்கிறது, நெருக்கினால் தள்ளுகிறது. கம்பியின் மீட்சிக்குப் பின்னால் இருந்து வேலை செய்வது இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆள்தான்! ஆகவே அடுத்து அவரையே பார்ப்போம்.

இரண்டாம் கணக்கு: வெற்றிடத்தில் ஓடும் எலக்ட்ரான்

எலக்ட்ரானை 1897-இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தவர் ஜே.ஜே. தாம்சன். அதன் மின்னூட்டம் 1.6×10⁻¹⁹ கூலூம். நிறை 9.1×10⁻³¹ கிலோகிராம்.

கணக்கு: ஓய்விலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் 100 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டில் முடுக்கப்படுகிறது. வேகம் என்ன?

மின்புலம் கொடுத்த ஆற்றல் அத்தனையும் இயக்க ஆற்றலாகிறது.

ஆற்றல் = மின்னூட்டம் × வோல்ட் = 1.6×10⁻¹⁹ × 100 = 1.6×10⁻¹⁷ ஜூல்
வேகம் = √(2 × ஆற்றல் ÷ நிறை) = √(3.2×10⁻¹⁷ ÷ 9.1×10⁻³¹) = √(3.52×10¹³) = 5.9×10⁶ மீட்டர்/வினாடி

அலகு: ஜூலைக் கிலோகிராமால் வகுத்தால் மீட்டர்²/வினாடி². அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் மீட்டர்/வினாடி. சரி.

அளவு: வினாடிக்கு 59 லட்சம் மீட்டர். ரொம்ப அதிகம்போல் தெரிகிறதே? ஒளியின் வேகம் 3×10⁸. நம் விடை அதில் ஐம்பதில் ஒரு பங்குதான். நம்பலாம்.

எல்லை: 100 வோல்ட்டுக்குப் பதில் 5,00,000 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அதே ஃபார்முலா 4.2×10⁸ மீட்டர்/வினாடி என்று விடை தரும். ஒளியையே முந்திவிட்டது! இயற்கையில் அது நடக்காது. இங்கே ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுச் சார்பியல் கொள்கைப்படி கணக்கிட வேண்டும். அப்படிப் போட்டால் வேகம் 2.6×10⁸ என்றுதான் வரும். கம்பிக்கு மீட்சி எல்லை என்றால், எலக்ட்ரானுக்கு ஒளியின் வேகம் எல்லை. இரண்டு பாடத்திலும் ஒரே எச்சரிக்கை!

மூன்றாம் கணக்கு: செம்புக் கம்பிக்குள் எலக்ட்ரான்

அதே எலக்ட்ரான் செம்புக் கம்பிக்குள் எவ்வளவு வேகமாகப் போகும்? 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் போகிறது. செம்பில் ஒரு கன மீட்டருக்கு 8.5×10²⁸ கட்டுறா எலக்ட்ரான்கள் உள்ளன.

இழுப்புத் திசைவேகம் = மின்னோட்டம் ÷ (எண்ணிக்கை × மின்னூட்டம் × பரப்பு)
= 1 ÷ (8.5×10²⁸ × 1.6×10⁻¹⁹ × 10⁻⁶)
= 1 ÷ 13,600
= 7.35×10⁻⁵ மீட்டர்/வினாடி

அலகு: மேலே கூலூம்/வினாடி. கீழே, கன மீட்டருக்கு இத்தனை, பெருக்கல் கூலூம், பெருக்கல் சதுர மீட்டர், மொத்தத்தில் கூலூம்/மீட்டர். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் மீட்டர்/வினாடி. அடேயப்பா, இவ்வளவு பெரிய ஃபார்முலாவை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அலகைப் பொருத்திப் பார்த்தே எது மேலே, எது கீழே என்று சொல்லிவிடலாம்!

அளவு: வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர். 1 மீட்டர் போக 13,600 வினாடி, அதாவது மூன்றே முக்கால் மணி நேரம்! நத்தைகூட இதைவிட வேகம். இந்த இடத்தில்தான் பலர் "தப்பாப் போட்டுட்டோம்" என்று அடித்துவிட்டு வேறு விடை தேடுவார்கள். அவசரப்படாதீர்கள். விடை சரிதான். அளவைப் பார்ப்பது என்றால் ஆச்சரியமாக இருப்பதையெல்லாம் அடிப்பது என்று பொருள் அல்ல. ஏன் அப்படி என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பது.

அப்படியானால் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எப்படி எரிகிறது? ஏற்கெனவே தண்ணீர் நிறைந்த ஹோஸ் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்த உடனே மறுமுனையில் தண்ணீர் கொட்டுகிறது. திறந்த இடத்துத் தண்ணீரா அங்கே போய்ச் சேர்ந்தது? இல்லை. வழி முழுக்க நிறைந்திருந்த தண்ணீர் ஒன்றையொன்று தள்ளியது. அதுபோல கம்பி நெடுக எலக்ட்ரான்கள் நிறைந்துள்ளன. மின்புலம் கம்பி வழியே ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவ, எல்லா எலக்ட்ரான்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நகர ஆரம்பிக்கின்றன. உள்ளே அவை தாறுமாறாக அலைவது மிக வேகமாகத்தான். ஒரு பக்கமாக நகர்வதுதான் இவ்வளவு மெதுவு.

எல்லை: இது நேர்மின்னோட்டத்துக்கான விடை. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறும் மாறுமின்னோட்டம். அதில் எலக்ட்ரான் ஊரைத் தாண்டிப் போவதே இல்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

புத்தகத்தின் கடைசியில் விடை இல்லாதபோது

"சரி, பரீட்சைக்கு இதெல்லாம் உதவும். பெரிய விஞ்ஞானிகளும் இப்படியா சரிபார்த்தார்கள்?" என்று கேட்கலாம். ஆம். அவர்களுக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாதே!

எலக்ட்ரானுக்கு அலைத்தன்மையும் உண்டு என்று 1924-இல் லூயி டி பிராய் சொன்னார். அவர் கொள்கைப்படி எலக்ட்ரானின் அலைநீளத்தை, குறைந்த வோல்ட்டுகளில், 12.27-ஐ வோல்ட்டின் வர்க்கமூலத்தால் வகுத்து ஆங்ஸ்ட்ராமில் பெறலாம். 54 வோல்ட் எனில்:

அலைநீளம் = 12.27 ÷ √54 = 12.27 ÷ 7.35 = 1.67 ஆங்ஸ்ட்ராம்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேவிசன், ஜெர்மர் இருவரும் 54 வோல்ட் எலக்ட்ரான்களை நிக்கல் படிகத்தின் மேல் மோதவிட்டனர். 50 பாகைக் கோணத்தில் எலக்ட்ரான்கள் அதிகமாகச் சிதறின. படிகப் பரப்பில் அணு வரிசைகளின் இடைவெளி 2.15 ஆங்ஸ்ட்ராம். ஒளியின் விளிம்பு விளைவுக்குப் போடும் அதே கணக்கை இங்கேயும் போட்டால்:

அலைநீளம் = 2.15 × சைன் 50° = 2.15 × 0.766 = 1.65 ஆங்ஸ்ட்ராம்

ஒன்று கொள்கை வழி, மற்றொன்று ஆய்வு வழி. 1.67, 1.65! இரண்டு வெவ்வேறு பாதையில் போய் ஒரே வாசலில் நின்றுவிட்டார்கள். 1927-இல் உலகம் எலக்ட்ரான் அலையை நம்பியது இப்படித்தான்.

அதே சமயத்தில் ஜி.பி. தாம்சன் என்பவரும் தனியாக ஆய்வு செய்து இதையே நிறுவினார். 1937-இல் அவரும் டேவிசனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இந்த ஜி.பி. தாம்சன் யார் தெரியுமா? எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சனின் மகன்! அந்த வீட்டில் சாப்பிடும்போதுகூட எலக்ட்ரானைப் பற்றிப் பேசியிருக்கலாம். நம் வீடுகளில் அப்படி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மகன் சொன்னதை உலகம் ஏற்றது அப்பா பெயருக்காக அல்ல, கணக்கும் ஆய்வும் ஒத்துப்போனதால்தான். கணக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. 3 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள செம்புக் கம்பியை 24 நியூட்டன் விசை இழுக்கிறது. யங் குணகம் 1.2×10¹¹ நியூட்டன்/மீட்டர்². நீட்சி என்ன?

2. எலக்ட்ரானை 400 வோல்ட்டில் முடுக்கினால் வேகம் என்ன? அலைநீளம் என்ன? (100 வோல்ட்டுக்குரிய விடையை வைத்துக்கொண்டே, புதிதாகக் கணக்குப் போடாமல் சொல்ல முடியுமா?)

3. 2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 ஆம்பியர் போகிறது. இழுப்புத் திசைவேகம் என்ன?

4. ஒரே எஃகால் செய்த இரண்டு கம்பிகள். இரண்டாவது கம்பிக்கு நீளமும் இரு மடங்கு, விட்டமும் இரு மடங்கு. ஒரே எடையைத் தொங்கவிட்டால் எது அதிகம் நீளும்?

விடைகள்: (1) 0.6 மில்லிமீட்டர். (2) வேகம் இரு மடங்காகி சுமார் 1.19×10⁷ மீட்டர்/வினாடி, அலைநீளம் 0.61 ஆங்ஸ்ட்ராம். (3) சுமார் 0.18 மில்லிமீட்டர்/வினாடி. (4) முதல் கம்பி. இரண்டாவது அதில் பாதிதான் நீளும்.

விடையை முதலில் பார்க்காதீர்கள். போட்டுவிட்டு, அலகு, அளவு, எல்லை மூன்றையும் கேட்டுவிட்டு, "இது சரிதான்" என்று நீங்களே முடிவு செய்த பிறகு பாருங்கள். அந்தச் சந்தோஷம் தனி!

முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலம் பஸ் வரும்வரை நூலகத்துக்கு வெளியே உட்கார்ந்து நாங்கள் நான்கைந்து பேர் கணக்குப் போடுகிறோம். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஃபீஸ் கிடையாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். அடுத்த ஆண்டு மலரில், "இந்த வருஷம் இயற்பியல் அரியரால் யாரும் படிப்பை விடவில்லை" என்று ஒரு வரி வர வேண்டும். அந்த வரியை எழுதுபவர் உங்களில் ஒருவராக இருக்கட்டும்.